ஏழு துளைகள், நாற்பத்திரண்டு பைகள்

சித்தப்பா தெருவைக் காலி செய்து கிளம்பியது ஒரு புதன்கிழமை. லாரி காலை எட்டு மணிக்கே வந்து நின்றுவிட்டது. எங்கள் தெருவுக்கு அது பதினேழாவது லாரி. அதனால் ஓட்டுநருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்த வாசலில் எப்படித் திருப்பினால் சக்கரம் மணலில் புதையாது என்பதுவரை அவருக்கு அத்துபடி.

சித்தி பாத்திரங்களைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி வைத்திருந்தாள். கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பீரோ கதவு வழியில் திறந்துகொள்ளாமல் இருக்க அதைப் பழைய சேலையால் சுற்றியிருந்தார்கள். சித்தப்பா இவற்றில் ஒன்றையும் தொடவில்லை. அவர் முதலில் ஏற்றியது மண் பைகளை.

நாற்பத்திரண்டு பைகள். கெட்டித் துணியில் தைத்தவை, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. கழுத்தில் சணல் கட்டி, கட்டிலிருந்து ஒரு சீட்டு தொங்கும். கூலியாட்களைத் தொடவிடவில்லை. என்னை லாரி மேல் ஏறி நிற்கச் சொல்லி இரண்டிரண்டாக எடுத்துக் கொடுத்தார்.

"ஏங்க, போற இடத்துல மண்ணே இருக்காதா?" என்றாள் சித்தி.

"இந்த மண்ணு இருக்காது."

"எங்கப்பா என்னை உங்களுக்குக் கட்டிக்கொடுத்ததுக்கு ஒரு சல்லடைக்குக் கட்டிக்கொடுத்திருக்கலாம். அதுவாவது மண்ணைக் கீழே விட்டுடும்."

கூலியாட்கள் சிரித்தார்கள். சித்தப்பா அடுத்த இரண்டு பைகளை நீட்டினார். அவர் கண் சீட்டில் இருந்தது. ஒன்றாம் துளை, முதல் மீட்டர். ஒன்றாம் துளை, இரண்டாம் மீட்டர். வரிசை மாறக் கூடாது.

ஐந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அங்கே வந்து சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அப்பா போன பிறகு எனக்கு வீடு என்றால் அது சித்தப்பா வீடுதான். "நல்ல நேரத்துக்கு வந்து சேர்ந்தே, ஊர்சுற்றி. இன்னும் நாலு நாள் கழிச்சு வந்திருந்தா கடலைப் பார்த்து 'சித்தி'ன்னு கூப்பிட்டிருப்பே" என்று சொல்லி, சித்தி என் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்துவிட்டாள். சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கும் வேலை எனக்கு. ஆணி பிடுங்கிய அந்த மூன்று நாளில்தான் நடந்ததெல்லாம் துண்டு துண்டாக எனக்குத் தெரிய வந்தது.

சித்தப்பாவுக்குக் கனிம அளவைத் துறையில் துளை போடும் வேலை. இருபத்திரண்டு வருஷம். கடற்கரை மணலில் கனமான கறுப்புத் துகள்கள் கலந்திருக்கும். அதில் பெரும்பங்கு இல்மனைட். அதிலிருந்துதான் டைட்டானியம் வருகிறது. பாதிக்கு மேல் பெயிண்டில் வெள்ளை நிறம் சேர்க்கப் போகிறது என்று சித்தப்பா சொல்வார். "இவ்வளவு கறுப்பா இருக்கிறது அவ்வளவு வெள்ளையா ஆகுது பாரு" என்பது அவர் யாரிடமும் தவறாமல் சொல்லும் ஒரே ஆச்சரியம். சட்டைப்பையில் ஒரு பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிரித்த காந்தம் இருக்கும். போகிற இடமெல்லாம் அதை மண்ணில் புரட்டிப் பார்ப்பார். கல்யாண வீட்டு வாசலில்கூடப் புரட்டியிருக்கிறார் என்று சித்தி சொல்வாள்.

வேலை இப்படி. அலை ஓரத்திலிருந்து உள்ளே நேராக ஒரு கோடு. கோட்டில் இடைவெளி விட்டுத் துளைகள். இரண்டு பேர் குறுக்குக் கம்பியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆகரை இறக்க வேண்டும். ஆகர் என்பது அடியில் திருகுப் பல் வைத்த இரும்புக் குழல். ஒரு மீட்டர் இறங்கியதும் வெளியே எடுத்து, வந்த மணலைத் தார்ப்பாயில் கொட்டிக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் எடுத்து மறுபடி குவிக்க வேண்டும். இரண்டு கிலோ ஆகும்வரை இப்படிப் பிரித்துக்கொண்டே வந்து பையில் போட்டுச் சீட்டு கட்ட வேண்டும். பிறகு அடுத்த மீட்டர். ஆறு மீட்டர்வரை. அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'ஆறு மீட்டர்'. தபால்காரர்கூட 'ஆறு மீட்டர் வீடு எது?' என்றுதான் கேட்பாராம்.

மிச்ச மணலில் ஒரு கை அள்ளித் தட்டில் போட்டு அலசிப் பார்ப்பது துறை கேட்காத வேலை, சித்தப்பா தானாகச் செய்வது. தட்டைச் சாய்த்துச் சாய்த்து அலசினால் வெள்ளை மணல் தண்ணீரோடு வழிந்துவிடும். கனமான கறுப்பு விளிம்பில் வளைவாகத் தங்கும். அதைப் 'புருவம்' என்பார்கள். மெல்லிய புருவம், கெட்டிப் புருவம். புருவத்தைப் பார்த்து அவர் சொல்லும் சதவீதமும் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து வரும் சதவீதமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. மணலில் போட்ட துளை நிற்காது, சரியும். மேல்மணல் கீழே விழுந்து கீழ்மணலோடு கலந்துவிடும். கலந்தால் எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. அதனால் ஆகர் இறங்க இறங்க அதைச் சுற்றி ஒரு கேசிங் குழாயையும் இறக்கிக்கொண்டே போக வேண்டும். குழாய் சுவர்போல் நின்று சரிவைத் தடுக்கும். குறிப்பேட்டில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு கட்டம்: 'கேசிங் உண்டா?' அதில் ஒரு டிக். பக்கத்தில் கையெழுத்து. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் சித்தப்பா எத்தனை ஆயிரம் டிக் போட்டிருப்பாரோ தெரியாது. ஏழு மட்டும் பொய்.

அந்த ஏழும் சொந்தத் தெருவில் போட்டவை.

எங்கள் தெரு கடலிலிருந்து எண்பது தப்படி. நாற்பது வீடு, ஒரு கைப்பம்பு. நான் இல்லாத காலத்தில் அந்தப் பம்பின் குழாய் துருப்பிடித்து உப்புத் தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கிறது. மனு கொடுத்தார்கள். வந்து பார்த்தார்கள், போனார்கள். பெண்கள் பெரிய சாலைவரை குடத்தோடு நடந்தார்கள். ஒருநாள் சித்தப்பா பொறுக்க மாட்டாமல் துறையின் ஆகரை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேட்டில் ஒரு இடம் பார்த்துத் துளை போட்டு, துறையின் கேசிங் குழாய் ஆறு மீட்டரையும் அதிலேயே இறக்கிப் பம்பைப் பொருத்திவிட்டார். தண்ணீர் நல்ல தண்ணீராக வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா முதல் குடத்தைப் பிடித்து வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "ஆறு மீட்டர், நீங்க ஆறு தலைமுறை நல்லா இருக்கணும்" என்றாளாம்.

"ஒரு தலைமுறைக்கே வழியில்ல. ஆறுக்கு எங்க போறது?" என்றாள் சித்தி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

குழாயை ஒரு வாரத்தில் திருப்பிவிடலாம், அதற்குள் வேறு குழாய் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது சித்தப்பாவின் எண்ணம். துறையில் அப்போது வேலை ஓய்ந்திருந்தது. கொந்தளிப்புக் காலம், கடல் கரையேறி அடித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அலை தெருவுக்குள்ளேயே வந்து போனது. அலை திரும்பும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமான கறுப்பு மட்டும் தங்கும். வடிந்த பிறகு பார்த்தால் தெரு முழுக்க ஒரு முழத்துக்குக் கறுப்பு. சித்தப்பாவுக்கு அது புதிதல்ல. "மேல பூசின மை. கீழே ஒண்ணும் கிடையாது" என்று அதைக் காலால் தள்ளிக்கொண்டே நடப்பார்.

கடல் அடங்கிய வாரமே ஜீப் வந்தது. விட்டுப்போன கோடுகளை மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும், முதல் கோடு உங்கள் தெரு வழியாகத்தான் போகிறது என்று அதிகாரியின் உத்தரவு. ஜீப் ஓட்டுநர்தான் எப்போதும் சித்தப்பாவோடு சேர்ந்து ஆகர் சுற்றும் இரண்டாவது ஆள். அவர் ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, கேசிங் எங்க?"

சித்தப்பா தாடையால் பம்பைக் காட்டினார்.

"பிடுங்கணுமா?"

சித்தி குடத்தோடு அங்கேதான் நின்றாளாம். "பிடுங்குங்க. மூணு நாளைக்கு நாற்பது வீட்டுக்கும் நீங்க ரெண்டு பேரும் தண்ணி தூக்குங்க. ஜீப் இருக்குதே."

ஓட்டுநர் சிரித்தார். சித்தப்பா யோசித்தார். எதை யோசித்தேன் என்பதை அவர் என்னிடம் அப்படியே சொன்னார், ஆணிகளை டப்பாவில் போட்டுக்கொண்டே: "நம்ம தெருவுல என்னம்மா இருக்கப் போகுது? வெறும் வெள்ளை மணல். கேசிங் போட்டா சைபர், போடாட்டா சைபர். அப்படித்தான் நினைச்சேன். இருபத்திரண்டு வருஷம் மண்ணைப் பார்த்தவன், அந்த ஒரு முழக் கறுப்பு துளைக்குள்ள விழும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கொஞ்சம் விழும், பாதகமில்லைன்னு நினைச்சேன்."

கொஞ்சம் விழவில்லை. ஆகர் உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் துளையின் வாயைச் சுரண்டிக்கொண்டு வந்தது. மூன்று மீட்டருக்குக் கீழே துளை நிற்கவே இல்லை. மேலிருந்து கறுப்பு சரிந்துகொண்டே இருந்தது. நான்காம் மீட்டர் மணலைத் தட்டில் அலசியபோது கெட்டிப் புருவம். ஐந்தாம் மீட்டரிலும் அதே. "அண்ணே, உங்க வீட்டுக்குக் கீழே சுரங்கமே இருக்கு" என்று ஓட்டுநர் கிண்டல் செய்தார். சித்தப்பாவும் சிரித்திருக்கிறார். ஏழு துளை, மூன்று நாள். குறிப்பேட்டில் 'இல்லை' என்று எழுதினால் குழாய் எங்கே என்று கேட்பார்கள். சொன்னால் பம்பு போகும், வேலையும் போகலாம். ஏழு கட்டத்திலும் டிக் போட்டார். அடுத்த கோட்டுக்கு வேறு குழுவிடமிருந்து ஒரு குழாயை இரவல் வாங்கிக்கொண்டார். ஆய்வுக்கூடம் இந்த அளவைப் பார்த்ததும் சந்தேகப்பட்டுத் தள்ளிவிடும் என்று நம்பினார்.

அவர்கள் ஏன் சந்தேகப்பட வேண்டும்? பையில் இருந்தது சித்தப்பாவின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் வந்த பை தப்பாக இருந்ததே இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஓட்டுநர்தான் வந்து சொன்னார். வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்கவில்லை. "அண்ணே, வரைபடம் வந்திருச்சு. உங்க தெருவுக்குச் சிவப்பு அடிச்சிருக்காங்க." சிவப்பு என்றால் தோண்டலாம். கரையோரம் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக இருக்க, எங்கள் தெரு மட்டும் ரத்தக் கட்டிபோல் இருந்ததாம்.

அன்று மதியமே சித்தப்பா அதிகாரியின் அறைக்குப் போனார். அதிகாரி மோசமானவர் இல்லை. உட்காரச் சொன்னார், தேநீர் சொன்னார். சித்தப்பா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். குழாய், பம்பு, டிக்.

அதிகாரி நெடுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாராம். "அறிக்கை மேல போயாச்சே."

"திருத்தி எழுதலாம்ல சார்? மறுபடி துளை போட்டுக் கொடுக்கிறேன். ஏழே துளை."

"நீங்க எந்தத் தெருவுல குடியிருக்கீங்க?"

"அதே தெரு சார்."

"அதான் விஷயம். தெரு போகப் போகுதுன்னு தெரிஞ்சதும், தெருக்காரரே வந்து 'கீழே ஒண்ணும் இல்ல'ன்னு சொல்றார். நான் நம்புறேன். எனக்கு மேல இருக்கிறவங்க நம்புவாங்களா? என்னையும் சேர்த்துல்ல கேட்பாங்க." பிறகு மெதுவாக, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. வேலையாவது மிஞ்சட்டும்" என்றார். அடுத்த மாதம் அவருக்கு இடமாற்றம் வந்தது.

சித்தப்பா அதற்குப் பிறகு செய்தது என்னவென்றால், பம்பைக் கழற்றி அந்தக் குழாயைப் பிடுங்கினார். ஏழு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலையில் குழாயைப் பிடுங்குவார், ஒரு துளையைக் கேசிங்கோடு ஒழுங்காகப் போடுவார், மாலையில் குழாயை மறுபடி பம்பில் இறக்குவார். ஆகரின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஓட்டுநர் ஞாயிறென்றால் வர மாட்டேன் என்றுவிட்டார். சித்திதான் பிடித்தாள். "கல்யாணத்தன்னைக்கு உங்க கையைப் பிடிச்சேன், இப்ப இரும்பைப் பிடிக்கிறேன். ரெண்டும் ஒரே கனம்" என்று சொல்லிக்கொண்டே சுற்றினாளாம். தெருவில் உள்ளவர்கள் வந்து பார்த்தார்கள். ஞாயிறு தோறும் தண்ணீர் இல்லை என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆறு மீட்டர் நமக்காகத்தான் பாடுபடுகிறார் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டிலிருந்து தேநீர், ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு. விஷயம் தெருவில் சித்தியைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த நாற்பத்திரண்டு பைகள்தான் லாரியில் ஏறியவை. ஒவ்வொன்றிலும் ஒரு கை அலசிப் பார்த்திருந்தார். முதல் மீட்டரில் கெட்டிப் புருவம். இரண்டாம் மீட்டரிலிருந்து ஆறாம் மீட்டர்வரை தட்டில் நகக்கீறல் அளவுகூடத் தங்கவில்லை.

தெருவை எடுத்துக்கொள்வது பற்றிய விசாரணை ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நாற்பது வீட்டாரும் போனார்கள். யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. "நம்மகிட்ட மண்ணு தெரிஞ்ச ஆள் இருக்கும்போது நாம எதுக்கு வாயைத் திறக்கணும்?" என்றாள் தையல்காரம்மா. முதல் நாள் ராத்திரியே சித்தப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. குரலை உயர்த்தாதவர். சித்தப்பா எழுந்து, எங்கள் தெருவில் கீழ்மணலில் கனிமம் இல்லை, மறுபடி துளை போட்டிருக்கிறேன், பைகள் இருக்கின்றன என்றார். அந்தப் பெண்மணி ஒரு குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"ஏழு துளைக்கும் கேசிங் போட்டதா டிக் இருக்கு. கேசிங் போட்டு எடுத்த மண் எப்படித் தப்பாகும்?"

சித்தப்பா திரும்பித் தெருக்காரர்களைப் பார்த்தாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது சித்தி சுத்தியலை என் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்துவிட்டாள்.

"கேசிங் போடலைங்க."

"பிறகு ஏன் டிக் போட்டீங்க?"

"குழாய் பம்புல இருந்துச்சுங்க. தண்ணிக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் தெருவைச் சேர்ந்தவர் இல்லை. விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. கூட யார் இருந்தது என்று கேட்டார். ஜீப் ஓட்டுநரைக் கூப்பிட்டார்கள். அவர் சித்தப்பாவைப் பார்க்காமல், "ஆகரைச் சுத்திக் கொடுத்துட்டு ஜீப்ல போய்த் தூங்கிடுவேன் அம்மா, குழாயை நான் பார்க்கல" என்றார். அவர் எங்கே போனாலும் தூங்குகிறவர் என்று துறை முழுக்கத் தெரியும். எல்லாரும் நம்பினார்கள்.

"ஐயா, உங்களைத் தப்பா சொல்லலை," என்றார் அந்தப் பெண்மணி. "அன்னைக்குப் பொய் எழுதினேன், இன்னைக்கு உண்மை சொல்றேன்கிறீங்க. அன்னைக்கு எழுதினதுல உங்களுக்கு லாபம் எதுவும் இல்ல. இன்னைக்குச் சொல்றதுல உங்க வீடு இருக்கு. நான் எதை எடுத்துக்கிறது, நீங்களே சொல்லுங்க." பைகளைப் பற்றிக் கேட்டார். யார் முன்னிலையில் எடுத்தது, யார் முத்திரை வைத்தது? சித்தப்பா, "என் சம்சாரம்" என்றார்.

'நான் எதை எடுத்துக்கிறது' என்ற அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கும் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பெண்மணி இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் அவரோடு பேசவில்லை. யாரும் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று சித்தி சொன்னாள். எப்படித் திட்டுவார்கள்? அந்தத் தண்ணீரைக் குடிக்காத வாய் தெருவில் ஒன்றுகூட இல்லை. தெருமுனையில் இறங்கியபோது தையல்காரம்மா மட்டும், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவரை யாரும் ஆறு மீட்டர் என்று கூப்பிடவில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. துறையில் நடவடிக்கை எடுத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன். பத்தரைக்கு லாரி கிளம்பியது. சித்தியும் நானும் ஓட்டுநர் பக்கத்தில், சித்தப்பா பின்னால் பைகளோடு. ஜன்னலுக்கு வெளியே கூரை பிரித்த வீடுகள். தையல்காரம்மா வீட்டுச் சுவரில் தையல் இயந்திரம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அதே வடிவத்தில் நின்றது. அவள் அதற்கு முந்தின வாரமே போயிருந்தாள். பம்பைத் தாண்டும்போது சித்தி திரும்பவில்லை.

ஆய்வுக்கூடம் போகிற வழியில் இருந்தது. சித்தப்பா லாரியின் பக்கப் பலகையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் துகள் எண்ணும் அம்மா ஒருவர். சித்தப்பாவின் கையெழுத்தை இருபது வருஷமாகச் சீட்டில் பார்த்தவர், ஆளைப் பார்த்தது நாலைந்து தடவைதான். பைகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"இதை நான் கோப்புல ஏத்த முடியாது."

"ஏத்த வேணாம். எண்ணிப் பார்த்துச் சொன்னா போதும்."

"சொந்த வேலையா, ஓய்வு நேரத்துலதான் பார்க்கணும்."

"உங்களுக்கு ஓய்வு எப்ப அம்மா?"

அவர் சுற்றிலும் அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த பைகளைக் காட்டினார். "ரிடையர் ஆன பிறகுதான்." எல்லாரும் சிரித்தோம். அன்று சித்தப்பா சிரித்தது அது ஒரு தடவைதான்.

தகவல் சொல்ல எண் கேட்டார். சித்தப்பா என் எண்ணைச் சொன்னார்.

"இவ நம்பரையா?" என்றாள் சித்தி. "நாளைக்கு எங்க இருப்பான்னு இவளுக்கே தெரியாது."

"இவ ஊரை மாத்துவா. நம்பரை மாத்த மாட்டா."

பைகளைச் சித்தப்பாவே அலமாரியின் கடைசித் தட்டில் அடுக்கினார். ஒன்றாம் துளை, முதல் மீட்டர். இரண்டாம் மீட்டர். நாற்பத்திரண்டும் அடுக்கி முடிக்க இருபது நிமிஷம். கூலியாட்கள் வெளியே ஹாரன் அடித்தார்கள்.

புது வீடு மூன்றாம் மாடியில். ஒன்றேகால் அறை. பக்கத்திலும் எதிரிலும் அதே மாதிரி கட்டடங்கள், எல்லாம் பளிச்சென்ற வெள்ளை. எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து கட்டடங்களில் சிதறியிருந்தார்கள். படியில் பார்த்துக்கொண்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். எனக்கு அங்கே ஒரு மாதத்துக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. கிளம்பிவிட்டேன். பிறகு வருவேன், போவேன். எண்ணை மட்டும் மாற்றவில்லை. ஒருமுறை வேறொரு நாட்டில் கைப்பேசியும் பணப்பையும் திருட்டுப் போனபோது, பணப்பையை விட்டுவிட்டு அந்த எண்ணுக்காக இரண்டு நாள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன்.

மாதம் முதல் ஞாயிறு சித்தப்பா கூப்பிடுவார். சாப்பிட்டாயா, வெயிலா, மழையா. பிறகு, "ஏதாவது வந்துச்சா?" இல்லை என்பேன். "நிறைய பை இருக்கும் அவங்களுக்கு" என்பார். நானே ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அந்த அம்மா விடுப்பில் இருந்தார். கடைசித் தட்டில் பைகள் அப்படியே இருந்தன, முன்னால் புதுப் பைகள் அடுக்கியிருந்தார்கள். சித்தப்பாவிடம் வரிசை நகர்ந்திருக்கிறது என்று சொன்னேன்.

எண்ணி முடித்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். வீடு திரும்ப வராது. வேலையும் வராது. அவருக்கும் அது தெரியும். "அந்த ஏழு டிக்கும் பொய்னு யாராவது ஒருத்தர் சொன்னா போதும்" என்றார். "நானே சொன்னா செல்லாதுன்னுட்டாங்கல்ல."

ஒரு வருகையில் தெருவைப் போய்ப் பார்த்தேன். வீடுகளை இடித்துச் சமன் செய்து, கம்பிவேலி போட்டு, பலகை நட்டிருந்தார்கள். தோண்டவில்லை. வேறு இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், இதன் முறை வரும் என்றார் காவலாளி. பம்பு மட்டும் வேலிக்குள் நின்றது. காவலாளிகள் அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு குவளை கொடுத்தார்கள். இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

ஆறாம் வருஷம் ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் தொட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். எழவில்லை. நான் வந்து சேரும்போது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தெருக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டேன். "தையல்காரம்மா வந்தா. வாசல்ல நின்னுட்டுப் போயிட்டா" என்றாள் சித்தி. அவர் சட்டைப்பையில் இருந்த காந்தத்தில் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன. சித்தி அதை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. இப்போது அது குளிர்பெட்டிக் கதவில் மின்கட்டண ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவர் போய் இரண்டு வருஷம் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, சித்தி பின்னால் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, என் கைப்பேசிக்கு இந்தச் செய்தி வந்தது:

'வணக்கம். ஆய்வுக்கூடத்திலிருந்து. போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். உங்கள் சித்தப்பாவின் பைகளை அனுமதி கேட்டு வாங்கி மூன்று வாரமாக எண்ணினேன், நாற்பத்திரண்டும் முடிந்தது. ஏழு பையில் கறுப்பு இருக்கிறது, ஏழும் முதல் மீட்டர். மற்ற முப்பத்தைந்திலும் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. அவர் சொன்னதுதான் சரி. தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லுங்கள். பைகள் அவருக்குத் திரும்ப வேண்டுமா என்று கேட்டு இந்த வாரத்துக்குள் சொல்லவும். அலமாரியைக் காலி செய்கிறார்கள்.'